திமிங்கிலப் பல்லும் ஒரு பிடிவாரண்டும்

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தீவின் சவுசவு டவுன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டபிள் வைசாலே வந்து என் தோளில் கை வைத்தார். செய்த தப்பையெல்லாம் அவசரமாக ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன்.

"உன்னை இல்லப்பா பெனி. உன் மாமன் மகன் நெமானி எங்க?"

"தோப்புல கொப்பரை போட்டுட்டு இருப்பான். ஏன்?"

"புதன்கிழமை அவன் கேஸ். ஆள் வரலை. பிடிவாரண்ட் போட்டாச்சு. நான் போய்ப் பிடிச்சுட்டு வர்றதைவிட அவனா வந்தா அவனுக்கு நல்லது. போய்ச் சொல்லு."

மீனை மறந்துவிட்டு லாரியை எடுத்தேன். கொப்பரை ஏற்றுகிற லாரி அது, ஏற்றத்தில் மாடு மாதிரி மூச்சு வாங்கும். ஒரு மணி நேரப் பயணம் முழுக்க நெமானியைத் திட்டிக்கொண்டே போனேன். அவன் எனக்கு மச்சான் முறை. எங்கள் பக்கத்தில் மச்சானைக் கேலி செய்யாமல் இருந்தால்தான் மரியாதைக்குறைவு. ஆனால் அன்றைக்கு வந்தது கேலி இல்லை, உண்மையான கோபம்.

கேஸ் இதுதான். மார்ச் மாதம் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ரக்பி ஆட்டம். ஆட்டம் முடிந்தபின் பக்கத்து ஊர்ப் பையன் சக்கியூசா, நெமானி ஓடுவதைப் போல ஓடிக் காட்டினான். நெமானிக்கு வயது முப்பத்தெட்டு, எடை நூற்றுப் பத்துக் கிலோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நெமானி நேராகப் போய்ப் பையன் வாயில் ஒரு குத்து விட்டான். முன்பல் ஒன்று போனது, உதட்டில் இரண்டு தையல். ஆஸ்பத்திரியில் எழுதியது போலீசுக்குப் போய்க் கேஸ் ஆகிவிட்டது.

நெமானி கொப்பரை உலர்த்துகிற அடுப்பறையில் தேங்காய்ப் பருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தான். "ஏன்டா கோர்ட்டுக்குப் போகலை?" என்றேன்.

"எதுக்குப் போகணும்?" நிஜமாகவே புரியாத முகம். "அதான் போன மாசம் திமிங்கிலப் பல் கொடுத்து மன்னிப்புக் கேட்டாச்சே மச்சான். அவனோட பெரியப்பா கைநீட்டி வாங்கிட்டாரு. யங்கோனா வேர்ப்பொடி கரைச்சு எல்லாரும் குடிச்சாச்சு. அப்புறமும் நான் கோர்ட்ல போய் நின்னா, அவரு வாங்கினது செல்லாதுன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

பல் கொடுக்க அவனையும் எங்கள் ஊர்ப் பெரியவர்களையும் அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதே நான்தான். பல்லைப் பெரியவர் வாங்கியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எங்கள் வழக்கப்படி பல்லை வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவே புதுக் குற்றம். கோர்ட் தேதி என்று ஒன்று இருப்பது எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் முட்டாள்தனமும் அதில் சேர்ந்திருந்ததால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

வாரண்ட் என்றதும் நெமானி கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டான். "சாயங்காலப் படகுல தவேயூனித் தீவுக்குப் போயிடறேன்."

அவன் மனைவி விலிமைனா உள்ளேயிருந்து வந்தாள். "போய்? அங்க போலீசே இல்லையா? உன்னை ஒளிச்சு வைக்க எவ்வளவு பெரிய இடம் வேணும் தெரியுமா?"

"மூணு பிள்ளைங்களும் நான் ஜெயிலுக்குப் போறதைப் பார்க்கணுமாடி?" என்றான். அவன் குரல் உடைந்ததைக் கேட்டு அவள் அடங்கிவிட்டாள். கடைசிக் குழந்தைக்கு அப்போது நாலு மாதம்.

நான் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ரோஷ்ணி என்று ஒரு வக்கீல் அம்மா எடுத்தார். பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"முதல்ல அவரை எங்கயும் ஓட விடாதீங்க. ஓடினா அடுத்த தடவை ஜாமீனே கிடைக்காது. திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு அவரே ஸ்டேஷனுக்கு வரட்டும். இன்னிக்கு வந்தா நீதிபதி ஊர்ல இல்லை, சனி ஞாயிறு லாக்கப்லதான் இருக்கணும். அவரே வர்றார்னு நான் இப்பவே போலீசுக்குச் சொல்லிடறேன். ஸ்டேஷன்ல பேர், ஊர் மட்டும் சொல்லட்டும். சண்டையைப் பத்தி நான் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாத்து துணி, மாத்திரை ஏதாவது சாப்பிட்டா அது, ஒரு பையில வெச்சுக்கட்டும்."

"பை எதுக்கும்மா?"

"உள்ள வெச்சுட்டா வேணும்ல? சில மாசம் ஆனாலும் ஆகலாம், உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வழி இருக்கு. அடிபட்டவரே கோர்ட்டுக்கு வந்து, சமாதானம் ஆயிட்டோம்னு சொன்னா, இந்த மாதிரிக் கேஸை நீதிபதி முடிச்சு வைக்கலாம். அவரைக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு நான் இதைச் சொன்னதும் நெமானி முடியாது என்று தலையை ஆட்டினான். "அவன்கிட்ட போய்க் கேக்க என்னால முடியாது. முடிஞ்சதை நானே கிளறக் கூடாது. அதுக்கு ஜெயிலே தேவலை."

"அரை மணி முன்னாடி தவேயூனிக்கு ஓடறேன்னே, இப்ப ஜெயில் தேவலையா? நல்லா இருக்குடா உன் ரோஷம்" என்றேன். கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை பக்கத்து ஊருக்குப் போனேன். சக்கியூசா ஆற்றோரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தான். என் லாரியைப் பார்த்ததும் வலையை எறிந்துவிட்டுச் சதுப்புக் காட்டுக்குள் ஓடினான். நல்ல ஓட்டக்காரன், ஆனால் சேற்றில் யார் ஓட முடியும்? முழங்கால் புதைந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, நானும் கோர்ட்டுக்குப் போகலை!" என்று அங்கிருந்தே கத்தினான். "எனக்கும் வாரண்டா?"

"உனக்கு எதுக்குடா வாரண்ட், நீ குத்து வாங்கினவன்!"

"சாட்சிக்கு வரச்சொல்லி எனக்கும் பேப்பர் வந்துதே! ஆனா பெரியப்பாதான் பல்லை வாங்கிட்டாரே, இனி எதுக்குன்னு..."

ஆக, இந்த இரண்டு பேரும் மூன்று மைல் இடைவெளியில் ஒரே நினைப்பில் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள். கையைக் கொடுத்து அவனை இழுத்து வெளியே எடுத்தேன். திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டான். "ஆனா நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேண்ணே. பேசினா பெரியப்பாவுக்கு அவமானம்" என்றான். சரி சரி என்றேன். அப்போது அதை யோசித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். விலிமைனா பையில் சோப்பு, துணி, ரத்தக்கொதிப்பு மாத்திரை எல்லாம் அடுக்கியிருந்தாள். நெமானி ஒவ்வொரு பிள்ளையாக முகர்ந்து முத்தமிட்டான். கைக்குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன் என்கிறான். நான் ஹாரன் அடித்தேன், இல்லாவிட்டால் நானும் அழுதிருப்பேன்.

ஸ்டேஷனில் வைசாலே பேரும் ஊரும் எழுதிக்கொண்டார். ஒன்பதரைக்கு நீதிபதி முன் நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட அம்மா. ரோஷ்ணி எழுந்து, தானாகவே வந்ததையும், சமாதானம் ஆனதையும், தேதிக்கு ஏன் வரவில்லை என்பதையும் சொன்னார். நீதிபதி சக்கியூசாவைக் கூப்பிட்டார்.

"இவர் உங்களை என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யலை மேடம்."

"உதட்டுல ரெண்டு தையல், முன்பல் ஒண்ணு போச்சுன்னு அறிக்கை சொல்லுதே?"

சக்கியூசா வாயைக் கையால் மூடிக்கொண்டான். "அதைப் பத்திப் பேசறதில்லை மேடம்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "பேசறதில்லைன்னா? யாராவது உங்களை மிரட்டினாங்களா? யார் கூட்டிட்டு வந்தது உங்களை?"

அவன் அப்பாவியாக என்னைக் கைகாட்டினான். மொத்தக் கோர்ட்டும் திரும்பிப் பார்த்தது.

"சாட்சியை மிரட்டியிருந்தா அது வேற கேஸ்" என்றார் நீதிபதி. "அப்படின்னா இன்னிக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது."

ரோஷ்ணி எழுவதற்குள் நெமானி எழுந்துவிட்டான். பேசாதே என்று ரோஷ்ணி சைகை காட்டக் காட்ட அவன் பேசினான்.

"மேடம், அவன் பேச மாட்டான். பேசினா அவன் வீட்டுக்கு அவமானம். நான் பேசறேன், அது என்னோடவே போகட்டும். நான்தான் அடிச்சேன். அவன் என்னை மாதிரி ஓடிக் காட்டினான், எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வயசாயிடுச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு ஒரு சின்னப் பையனைக் குத்தினேன். இந்தக் கையால. அவன் என் மேல கை வைக்கவே இல்லை. பல் கொடுத்தப்ப கூட நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லலை." சக்கியூசா பக்கம் திரும்பினான். "தப்பு பண்ணிட்டேன் தம்பி."

எங்கள் வழக்கத்தை அவன் உடைத்துவிட்டான். ஆனால் அங்கே இருந்த ஒருவருக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை.

"இவர் சொன்னது சரியா?" என்றார் நீதிபதி.

சக்கியூசா கையை வாயிலிருந்து எடுத்தான். "ஆமா மேடம். மனசார மன்னிச்சுட்டேன், யாரும் மிரட்டலை. பெனி அண்ணன் என்னைச் சேத்துலேர்ந்து இழுத்து விட்டாரு, அவ்வளவுதான்."

நீதிபதியின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நெமானி, திமிங்கிலப் பல் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறதைத் தீர்க்கும். கோர்ட் தேதி உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறது. அன்னிக்கே வந்து இதைச் சொல்லியிருந்தா நாலு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வாரண்ட் ரத்து. வழக்கு சமாதானத்துல முடிஞ்சதுன்னு எழுதறேன். வீட்டுக்குப் போங்க."

நெமானிக்குப் புரியவில்லை. "எந்த வீட்டுக்கு?" என்று வைசாலேவைக் கேட்டான். "உன் வீட்டுக்குத்தான்யா" என்று அவர் முதுகில் ஒன்று போட்டார்.

நான் வெளியே ஓடி விலிமைனாவுக்குப் போன் செய்தேன். முதலில் அழுதாள், பிறகு அவனைத் திட்டினாள், பிறகு என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். அப்பாடா என்று இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கொப்பரை ஆலையில் என் லாரிச் சரக்குக்காகக் காத்திருப்பார்கள். சீக்கிரம் கிளம்பலாம் என்று திரும்பி வந்தால், வராந்தா பெஞ்சில் நெமானி தூங்கிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து குறட்டை விட்டு, அந்த நூற்றுப் பத்துக் கிலோவும் பக்கத்தில் இருந்த சக்கியூசாவின் தோளில் சாய்ந்திருந்தது. பையன் ஆடாமல் அசையாமல், ஒரு பக்கமாக வளைந்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் மச்சான்" என்று குரல் கொடுக்கப் போனேன்.

சக்கியூசா தையல் போட்ட உதட்டின் மேல் விரலை வைத்தான். "கத்தாதீங்கண்ணே" என்றான் மெதுவாக. "கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.