பார்த்தவள்

கீர்த்தி பார்த்து எழுதியதை மீனா பார்த்தாள். மீனா பார்த்துவிட்டாள் என்பதைக் கீர்த்தியும் பார்த்துவிட்டாள்.

காஸ்டிங் என்கிற செலவுக் கணக்குப் பாடத்தில் இன்டர்னல் பரீட்சை. கால்குலேட்டர் மூடிக்குள் பொடி எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மூடியைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்த கீர்த்தி எதற்கோ திரும்பினாள். பின் பெஞ்சில் மீனா தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

வேறு கல்லூரியாக இருந்தால் அதோடு போயிருக்கும். உத்திரமேரூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருக்கிற இந்தக் கல்லூரியில் பரீட்சை அறையில் வாத்தியார் நிற்பதில்லை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். பிள்ளைகளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று பிள்ளைகளே நடத்தும் நேர்மைக் குழு ஒன்று இருந்தது. குடவோலை ஊர் என்ற பெருமையை விடக்கூடாது என்று வருஷா வருஷம் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் அதற்கு ஆள் எடுப்பார்கள். எல்லோர் பெயரும் குடத்துக்குள் போய்விடாது. அரியர் வைத்தவர் பெயர் போகாது. கல்லூரி டிரஸ்ட் செலவில் ஹாஸ்டலில் இலவசமாகத் தங்கியிருப்பவர் பெயரும் போகாது. அடுத்தவர் தயவில் சாப்பிடுகிறவருக்கு நடுநிலை வராது என்று முதல் குழுவே விதி செய்து வைத்தது.

மீனா இலவச ஹாஸ்டல்.

கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே கையை நீட்டி விதிகளைச் சொல்லவைப்பார்கள். பார்த்து எழுதுவது குற்றம், அதற்கு செமஸ்டர் போகும். ஒருவர் பார்த்து எழுதுவதைக் கண்டும் மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லாமல் இருப்பது அதே அளவு குற்றம். குழுவின் முன்னால் பொய் சொல்வது எல்லாவற்றிலும் பெரிய குற்றம், அதற்கு செமஸ்டரும் போகும், ஹாஸ்டலும் போகும். விசாரணைக்கு முன்னால் தானாக வந்து முழுவதும் ஒப்புக்கொண்டால் எச்சரிக்கை மட்டும்.

மீனாவுக்கு செமஸ்டர் போனால்கூடத் திரும்ப எழுதலாம். ஹாஸ்டல் போனால் படிப்பே போயிற்று. அவள் வீடு தென்னேரியில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் இருளர் குடிசைகளில் ஒன்று. அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான். பஸ் மாறி மாறித் தினமும் வந்து போவதென்பது அந்த வீட்டில் பேசக்கூட முடியாத பேச்சு. அப்பன் ஆண்டியும் அம்மா ஜெயம்மாவும் கன்னியப்பன் நிலத்தில் வேலை செய்கிறார்கள். குடிசை நிற்பதும் அவர் இடத்தில்தான், மோட்டார் கொட்டகையை ஒட்டி. அந்தக் கன்னியப்பனின் மகள்தான் கீர்த்தி. அதே ஹாஸ்டலில் மாடியில், பணம் கட்டித் தங்கியிருந்தாள். ஊரில் மீனா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரிக்கு வந்த முதல் நாளே, இங்கே அப்படிக் கூப்பிடாதே, பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், பேர் சொல்லு என்று கீர்த்தி சொல்லிவிட்டாள். பேர் சொல்ல மீனாவுக்கு நாக்கு வரவில்லை. அதனால் எதுவும் சொல்லாமலேயே இரண்டு வருஷம் ஓட்டியிருந்தாள்.

பரீட்சைக்கு மறுநாள் காலையில் குழுத் தலைவன் கலைச்செல்வன் வகுப்புக்கு வந்தான். மூன்றாம் வருஷம். யாரையும் அதட்டிப் பேசமாட்டான், நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். காஸ்டிங் பேப்பர் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறது, நாளைக்கு விசாரணை, அதற்குள் யாருக்காவது மனசு உறுத்தினால் வந்து சொல்லலாம், கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் தட்டுக் கழுவுகிற குழாயடியில் கீர்த்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ பாத்த இல்ல?"

மீனா தட்டைத் தேய்த்தாள்.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"பாத்தேன்."

"பாக்கல. புரியுதா? கூப்ட்டு கேட்டாங்கன்னா, நான் பாட்டுக்கு எய்திக்கினு இருந்தேன், நிமிரவே இல்லன்னு சொல்லு."

"பொய் சொன்னா ஹாஸ்டல் போயிடும்."

"யாருக்குத் தெரியப் போவுது? நானும் இல்லன்னுதான சொல்லப் போறேன். உனக்கும் எனக்கும் தெரிஞ்சது சொவத்துக்கா தெரியும்?" கீர்த்தி கையைக் கழுவித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு ஏதோ பேசுகிறவள் போலச் சொன்னாள். "மோட்டார் கொட்டா பக்கம் ஷெட்டு போடணும்னு எங்க நைனா சொல்லிக்கினே கீறாரு. நான்தான் வோணாம் நைனா, பாவம், அதுங்க எங்க போவும்னு சொல்லி நிறுத்தி வெச்சிக்கினு கீறேன்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீனாவின் சித்தப்பன் குடும்பம் அதே இடத்தில் இருந்ததுதான். ஒரு நாள் தண்ணீர் திருப்புவதில் கன்னியப்பனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினான். அந்த வாரமே குடிசையைப் பிரித்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை.

சாயங்காலம் வரைக்கும் மீனாவுக்கு வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சொன்னால் குடிசை போகும், அது நிச்சயம். சொல்லாமல் இருந்து பொய்யும் சொன்னால் ஹாஸ்டல் போகும், ஆனால் தெரிந்தால்தான். தெரியாமல் போகலாம். கீர்த்தி இல்லை என்று சாதித்துவிட்டால் தெரியாது. இப்படியே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டு வகுப்பு விட்டதும் செமினார் அறை வரைக்கும் நடந்துவிட்டாள். கலைச்செல்வன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் பூட்டைத் திரும்பத் திறந்தான்.

"இன்னா மீனா, எதுனா சொல்லணுமா?"

"லைப்ரரி எத்தினி மணிக்கு மூடுவாங்கண்ணா?"

அவன் சாவியைப் பூட்டிலேயே விட்டான். வேறு ஒன்றும் இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டான். இல்லை என்றாள். லைப்ரரி நேரத்தைச் சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஆசிரியர் யாரும் உள்ளே வரக்கூடாது. எங்கள் பிள்ளைகள் விவகாரத்தில் நானே தலையிடமாட்டேன் என்று பிரின்சிபால் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கலைச்செல்வன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பயப்படாதே என்றான். பிறகு, காஸ்டிங் பரீட்சையில் யாராவது பார்த்து எழுதியதை நீ பார்த்தாயா என்று கேட்டான்.

"இல்லண்ணா."

பின் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தாய், முன்னால் நடந்தது ஒன்றுமே தெரியவில்லையா என்று கேட்டான். தான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்ததாகவும் நிமிரவே இல்லை என்றும் மீனா சொன்னாள்.

அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பூஜா பேனாவை மூடினாள்.

"வரப்புல பொந்தப் பாத்தே உள்ள கீறது எலியா பாம்பான்னு சொல்ற ஆளுங்க நீங்க. முன் பெஞ்சுல மூடியத் தொறக்கறது மட்டும் கண்ணு தெரியலியா?"

கடைசியில் இருந்த இருவர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பர்சனலாகப் பேசக்கூடாது என்று கலைச்செல்வன் பூஜாவைக் கண்டித்தான். அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்றும் சொன்னான். அவன் சொன்னது எதுவும் மீனாவின் காதில் விழவில்லை. மூடி என்று அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"கடைசியாக் கேக்கறேன் மீனா. யோசிச்சு சொல்லு. பாத்தியா?"

இரண்டு தடவை இல்லை என்றாகிவிட்டது. இப்போது ஆமாம் என்றால் சொன்ன பொய் பொய்யில்லாமல் போய்விடுமா? அப்பன் மண்வெட்டியோடு மோட்டார் கொட்டகைப் பக்கம் வருவதுதான் அவள் கண்ணில் நின்றது.

"பாக்கலண்ணா."

கலைச்செல்வன் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தான். கீர்த்தி வந்தாள். தலை வாரி, பூ வைத்து, நன்றாகத்தான் இருந்தாள். நேற்று மத்தியானமே தானாக வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று கலைச்செல்வன் சொன்னான். அப்பாவுக்குப் போன் செய்து அழுதாளாம். போய் ஒப்புக்கொள், விட்டுவிடுவார்கள் என்று அவர்தான் தைரியம் சொன்னாராம். ஒப்புக்கொள்வதென்றால் முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். யார் பார்த்தார்கள் என்பதும் அதில் வரும்.

"கீர்த்தி, நீ மூடியத் தொறந்தப்ப யாரு பாத்தா?"

"மீனா பாத்தா. ரெண்டு பேரும் நேருக்கு நேரா பாத்துக்கினோம்."

அவள் அதை மேஜையைப் பார்த்துச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. உண்மையைச் சொல்லுகிறவளுக்கு எதற்கு நடுக்கம்?

கலைச்செல்வனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. நேற்று நீ வந்து நின்றாயே, பூட்டின கதவை உனக்காகத் திறந்தேனே, லைப்ரரி நேரம் கேட்டுவிட்டுப் போனாயே என்று மெதுவாகச் சொன்னான். பிறகு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். யாராவது பாக்கலன்னு சொல்லச் சொல்லி உன்ன மெரட்டினாங்களா, கேட்டுக்கினாங்களா? அப்டி இருந்தா விதி வேற. செமஸ்டர்தான் போவும். ஹாஸ்டல் போவாது. சொன்னவங்க மேலதான் நடவடிக்கை வரும். அவங்க ஏற்கனவே ஒத்துக்கினு இருந்தாலும் அது செல்லாமப் போயிடும்."

கீர்த்தி தலையைத் தூக்கி மீனாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. கோபமும் இல்லை. ஊரில் அவள் அப்பா களத்துமேட்டில் நின்று, வேலை முடிந்ததா என்று ஆண்டியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஒரே ஒரு பேர்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகச் சொல்லவராத பேர். சொன்னால் ஹாஸ்டல் போகாது, படிப்பு போகாது, இன்னும் ஒரு வருஷத்தில் டிகிரி. அப்பனும் அம்மாவும் மூட்டை கட்டிச் சூளைக்குப் போவார்கள்.

"யாரும் சொல்லலண்ணா. நானாதான் சொன்னேன்."

கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். தண்டனைக்குச் சம்மதமாக ஐந்து பேரும் கை தூக்கினார்கள். பூஜாதான் முதலில் தூக்கினாள், கலைச்செல்வன் கடைசியில். உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை, விதி எல்லோருக்கும் ஒன்றுதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும்.

மாடிப்படியில் கீர்த்தி அவளை நிறுத்தினாள்.

"உன்னாண்ட சொல்லலாம்னுதான் இருந்தேன் மீனா. விசாரணை முடியற வரைக்கும் யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு கையடிச்சு வாங்கிக்கினாங்க. சத்தியத்த மீற முடியுமா, சொல்லு."

மீனா இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரேயரில் கீர்த்தியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தவறு செய்வது மனித இயல்பு, அதைத் தானே வந்து சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும் என்று பிரின்சிபால் பேசினார். பேர் சொல்லாமல், இன்னொரு மாணவிக்கு அந்தத் துணிவு இல்லாமல் போனதில் தனக்கு வருத்தம் என்றார். பேர் சொல்லாததனாலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மீனாவும் தட்டினாள். தட்டாமல் நின்றால் அதையும் யாராவது பார்த்துச் சொல்லவேண்டி வருமே.

சாயங்காலம் கன்னியப்பன் காரில் வந்தார். அவளும் தென்னேரிக்குத்தானே, எதற்கு பஸ்ஸுக்கு அலையவேண்டும், ஏறச் சொல் என்றார். கீர்த்தி முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் மீனாவும் அவள் பையும்.

வண்டி ஓட்டிக்கொண்டே கன்னியப்பன் பேசினார். பொய் மட்டும் பேசவே கூடாது, தன் பெண் ஒப்புக்கொண்டாள், விட்டுவிட்டார்கள், எவ்வளவு சுலபமாகப் போயிற்று பார் என்றார்.

"நீயும் ஒத்துக்கினு இருக்கலாம் இல்ல, மீனா?"

"நான்கூட அப்டித்தான் நைனா நெனச்சேன், ஒத்துப்பான்னு" என்றாள் கீர்த்தி, போனைப் பார்த்துக்கொண்டே.

மீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது.

ஏரிக்கரை இறக்கத்தில் காரைப் பார்த்ததும் ஆண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஐயா கையாலேயே மகளைக் கொண்டுவந்து விடுகிறார் என்று அவன் முகம் மலர்ந்தது. கண்ணாடியை இறக்கிக் கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். காலேஜில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள், அனுப்பிவிட்டார்கள்.

ஆண்டி மகளைப் பார்த்தான்.

"பொய் சொன்னியா?"

"சொன்னேன்."

கன்னத்தில் அடித்தான். அவளை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் துண்டில் துடைத்தான்.

"உடு ஆண்டி, அடிக்காத" என்றாள் கீர்த்தி காருக்குள்ளிருந்து. "பாவம்."

நாளைக்குக் கிழக்குக் கழனியில் நடவு இருக்கிறது, சும்மாதானே இருப்பாள், இவளையும் கூட்டிக்கொண்டு வா என்றார் கன்னியப்பன். ஆண்டி தலையாட்டினான். இந்த நிலைமையிலும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்குப் பெரிய மனசு ஐயா என்றான்.

"கும்புடு போடு" என்றான் மகளிடம். "ஐயாவுக்கும் பாப்பாவுக்கும்."

மீனா பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினாள்.

ஏசி காற்று வெளியே போகிறது என்று கீர்த்தி கண்ணாடியை ஏற்றினாள்.