மெம்பரம்மா இறைத்த முதல் வாளி

மடி நிறையப் பருத்தியோடு வெயிலம்மாள் நிமிர்ந்தபோது, பஞ்சாயத்து கிளார்க் வன்னியபெருமாள் வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தார். அறுபத்தொன்றாம் வருஷம் வடக்குத் தெருவுக்கு அவள்தான் மெம்பர். ஜெயித்து ஆறு மாதமாகியும் கூட்டம் நடக்கிற அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. பொம்பளை மெம்பருக்குக் கூட்டம் காட்டுக்கே வந்துவிடும். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

“மெம்பரம்மா, கையக் குடுங்க.”

அவர் விரித்த புத்தகப் பக்கம் வெறுமையாக இருந்தது.

“எழுத்து ஒண்ணுமில்லையே ஐயா?”

“பொறவு எழுதிக்கிடுதேன். ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“எங்க தெருவுக்கு ஒரு கெணறு. புளியமரத்து மூட்டுல. ரெண்டு மைலு நடந்து ஊருணித் தண்ணி சுமக்கோம். மருமவளுக்கு ஆறு மாசம்யா.”

அவர் தலையாட்டினார். அவள் பெருவிரலை அழுத்தி வைத்தாள். சொன்னது அப்படியே புத்தகத்தில் ஏறிவிடும் என்றுதான் நம்பினாள்.

அன்றிலிருந்து செடிக்குச் செடி நகரும்போதெல்லாம் காதுக்குள் வாளி தளும்பியது. கானல் ஓடுகிற பக்கமெல்லாம் புளியமரம் நின்றது. அதன் நிழலில் மருமகள் சுடலையம்மாள் உட்கார்ந்தபடியே கயிறு இழுத்தாள். பக்கத்து நிரையில் பறித்த முத்துத்தாய் சிரித்தாள்.

“ஏட்டி, பருத்தியப் பறி. கெணத்துக்குள்ள விழுந்துராத.”

ஒரு நாள் கிணறு தோண்டுகிற வெடிச்சத்தம் கேட்டது. புளியமரத்துப் பக்கமிருந்து அல்ல. பிரசிடெண்ட் சங்கிலிப்பாண்டியின் மிளகாய்த் தோட்டத்திலிருந்து. வெயிலம்மாள் கிளார்க்கைத் தேடி ஓடினாள்.

“புளியமரம்னுல்லா சொன்னேன்?”

“புத்தகத்துல தோட்டம்னு இருக்கு. கீழ ஒங்க கைரேகை இருக்கு.”

“தண்ணி பொதுத்தண்ணிதானய்யா?”

“எழுத்துல பொதுதான். வேலி அவியளோடது.”

கைரேகை வைத்த மூன்றாம் மாதமே திறப்பு விழா. பஞ்சாயத்து யூனியன் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். வெயிலம்மாள் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது.

“மொத வாளிய மெம்பரம்மா எறைக்கட்டும்” என்றார் சங்கிலிப்பாண்டி, மிகுந்த மரியாதையோடு.

கயிற்றை இழுத்தாள். பருத்திக்காட்டில் காதுக்குள் கேட்ட அதே தளும்பல். கை நனைந்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்து, ஒரு கணம் எல்லாமே மறந்துபோயிற்று. வாளியோடு வேலிப்பக்கம் திரும்பினாள். தோட்டக்காரன் அதை மெல்ல வாங்கி வாய்க்காலில் கவிழ்த்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் மிளகாய்ச் செடிகளைப் பார்த்து ஓடியது. முள்வேலிக்கு வெளியே சுடலையம்மாள் நிறைமாத வயிற்றோடு குனிந்து, வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிப் பாதையில் நடந்தாள்.