கழுவாத இடியன்

பவளம் பெரிய பானை நிறையத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துக் குமிழைத் திருகிய கையை எடுக்குமுன், ரஞ்சினி பின்னாலேயே வந்து அதை நிற்பாட்டினாள்.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரே? செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லை."

"நான் சமைக்கேல்லை. தண்ணிதான் சுடவைக்கிறன்."

"தேத்தண்ணி பக்கத்துத் தக்சாயினி வீட்டிலையிருந்து வந்திருக்கு."

"தேத்தண்ணிக்கில்லை. உங்கட அண்ணையின்ரை துவக்கைக் கழுவ."

அண்ணன் தபோதரன் போய்விட்டார் என்றதும் ஹனோவரிலிருந்து ரயிலேறி வந்தவள் ரஞ்சினி. வந்த நேரத்திலிருந்து சாத்திர சம்பிரதாயம் முழுவதையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றாள். விறகானால் என்ன, கறன்ற் ஆனால் என்ன, அவளுக்கு அடுப்பு அடுப்புத்தான்.

தபோதரனுக்கு வேட்டை என்றால் பைத்தியம். இலை கொட்டும் காலம் வந்தால், கூட வேலை செய்த டீற்றரோடு ரைன் ஆற்றைக் கடந்து பிரான்ஸ் பக்கக் காடுகளுக்குப் போய்விடுவார். டீற்றரிடம் இருந்தது புதுத் துவக்கு. இவரிடம் இருந்ததோ, வாய்ப்பக்கத்தால் மருந்தும் ஈயக்குண்டும் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய வகை. வன்னியில் அதை இடியன் என்பார்கள். ஜேர்மனிக்கு, கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தும் அதற்கு வேறு பெயர் சொல்ல அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மான் விழுந்ததோ இல்லையோ, வீட்டுக்கு வந்தால் முதல் குளிப்பு இடியனுக்குத்தான். கரிமருந்துப் புகை படிந்த குழலை அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். குளியல் தொட்டிக்குள் பவளம் துணி சுற்றிக் குழலைப் பிடிக்க, அவர் கொதிதண்ணீர் ஊற்றுவார். கூழ்முட்டை நாற்றம் வீட்டைத் தூக்கும். பிறகு தொட்டியைத் தேய்ப்பது யார்? அவளேதான். அதற்காக அவள் திட்டிய திட்டுக் கொஞ்சமில்லை. ஆனால் பிடிக்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முந்தாநாள் காட்டில் ஒரு வெடி வைத்த கையோடு நெஞ்சு நோகிறது என்றிருக்கிறார். டீற்றர் காரில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அங்கே வயர்களுக்கு நடுவே கிடந்துகொண்டு, "இடியன் கழுவேல்லை, பவளம்" என்றார்.

"இப்ப அதுதான் குறை. பேசாமல் படுங்கோ."

விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தப் பேச்சைவிட இன்று காலை நடந்ததுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. பிரேதத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போய், குளிப்பாட்ட எப்போது வரலாம் என்று கேட்டாள். அந்த மனிதர் மிகப் பணிவாக, எல்லாம் முடிந்தது, கழுவி உடுப்பும் போட்டாயிற்று, உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம் என்றார். நல்ல மனுசன். நல்லது என்று நினைத்துத்தான் செய்திருந்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் தலையில் ஒரு செம்பு தண்ணீர் வார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பவளம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் டீற்றர் துவக்கைக் கொண்டுவந்து தந்தார். அவருக்கு அதைக் கழுவத் தெரியாது.

"இதையும் ஆரும் கழுவிப்போட முதல் என்னை விடுங்கோ, மச்சாள்" என்றாள் பவளம்.

ரஞ்சினி அவளைப் பார்த்தாள். பிறகு மின்கேத்திலை எடுத்துத் தண்ணீர் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

"இது அடுப்பில்லைத்தானே" என்றாள். "எந்த ஐயரும் கேத்திலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

பவளம் குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் தொட்டிக்குள் நிமிர்த்தினாள். ரஞ்சினி கொதித்த கேத்திலோடு வந்தாள்.

"நீங்கள் பிடியுங்கோ. நான் ஊத்துறன்" என்றாள் பவளம்.

முதல் தண்ணீர் கரியாகவே வந்தது. ரஞ்சினி மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டாள், பிடியை விடவில்லை. அடுத்தது சாம்பல் நிறம். பவளம் அவசரப்படவில்லை. கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு, மெல்ல எடுத்து, மறுபடி ஊற்றினாள்.

"காணும் மச்சாள். தண்ணி தெளிஞ்சிட்டுது."

"இன்னும் ஒருக்கா."

வாசல் மணி அடித்தது. துக்கம் விசாரிக்க ஆட்கள். ரஞ்சினி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். "இருங்கோ, அவ இப்ப வருவா" என்று அவள் சொல்வது கேட்டது.

பவளம் தொட்டி விளிம்பில் அமர்ந்து, துவாயை மடியில் விரித்து, குழலை எடுத்து வைத்தாள். துவாயையும் தாண்டிச் சூடு தொடையில் ஏறியது. விரலில் எண்ணெய் தொட்டு மேலிருந்து கீழ்வரை தடவினாள். தடவி முடிந்த பிறகும், அந்தச் சூடு ஆறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.