உள்ளே பூஜ்யம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. ஓட்டப்பிடாரத்திலிருந்து திரும்பும்போது பக்கத்து இருக்கைப் பெண், நான் ஒன்றும் கேட்காமலே, "திரையில பூஜ்யம்னுதான் இருந்துச்சு" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவளுக்கு ஏஞ்சலின் என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: துறைமுகத்தின் மேல் வெயில் உருகி... (வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: ஏஞ்சலின் துறைமுகத்துக் கிடங்குகளில் ஆள் எண்ணும் பெட்டி வைக்கிறாள். சரக்குக்குப் பூச்சிமருந்துப் புகை விடும்போது உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது. நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல்; இரண்டிலும் மிதிபலகை, அடியில் சுவிட்ச். மிதித்தால் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி போர்டின் ஊசிமுனைக்குச் சமிக்ஞை போகும். போர்டு செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எண்ணும்: நுழைந்தால் ஒன்று கூட்டி, வெளியேறினால் ஒன்று கழித்து, உள்ளே எத்தனை பேர் என்று திரையில் காட்டும். இப்படிக் குறுக்கிடுவதை இன்டரப்ட் என்கிறார்கள். (நான் எழுத உட்கார்ந்தால் வீட்டில் எனக்கும் அதுதான் நடக்கும்.)

3

சுவிட்சின் தகடு துள்ளும். ஒரு மிதி மூன்றாகப் பதியும். மேஸ்திரி தங்கப்பாண்டி எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏளா ஏஞ்சலினு, உன் பெட்டி என்னிய மூணு ஆளா எண்ணுதே! அப்போ மூணு சாப்பாடு வாங்கிக் குடு."

அவள் முகம் சுண்டியது. ஒரு சமிக்ஞை வந்தால், அடுத்த ஒரு நொடிக்கு எதையும் காதில் வாங்காதே என்று நிரலில் எழுதினாள். சிரிப்பு நின்றது. (அவளைக் கவனக்குறைவானவளாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவமானப்பட்டவள், அவ்வளவுதான்.)

4

முதல் கிடங்கின் திரையில் பூஜ்யம். கதவை அடைத்து, இடுக்கெல்லாம் ஒட்டி, வெளியிலிருந்து குழாயில் புகையைத் திறந்தாயிற்று. ஏஞ்சலின் இரண்டாம் கிடங்கின் வாசலில் நிற்கிறாள். சரக்கை மூடுவதற்கான, சுருட்டிய தார்ப்பாயைத் தோளில் தாங்கி, முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு, இரண்டு பெண்கள் ஓட்டமும் நடையுமாக நுழைகிறார்கள். அந்தப் பாரத்தை அப்படித்தான் தூக்க முடியும்.

திரையில்: ஒன்று.

இரண்டு பேர். ஒன்று.

"யக்கா, அந்தக் கிடங்குக்கும் ரெண்டு பேராத்தான் தூக்கிட்டுப் போனீங்களா?"

"பின்ன, ஒத்தையில தூக்க இது என்ன கைக்குட்டையா?" என்றாள் முன்னால் நின்றவள். "நானும் சந்தனச்செல்வியும் போனோம். தார்ப்பாய் ஓரத்துல மணல்பை வச்சிட்டு வாரேன், நீ போன்னு சொன்னா. ஏன், அவ இன்னும் வரலியா?"

ஒரு நொடிக்குள் அடுத்தடுத்து மிதித்து இருவர் நுழைந்ததைப் பெட்டி ஒருவர் என்று எண்ணியிருக்கிறது. ஒருத்தி வெளியே வந்ததும் பூஜ்யம் காட்டியிருக்கிறது. பெட்டி தவறவில்லை. ஏஞ்சலின் சொன்னதைச் செய்தது.

அவள் கால்கள்

5

(அந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது.)

ஒரு முடிவு: கதவு திறக்கிறது, சந்தனச்செல்வி இருமிக்கொண்டே வெளியே வந்து எல்லாரையும் ஏசுகிறாள். இன்னொரு முடிவையும் எழுதினேன். அதை என்னால் திரும்ப வாசிக்க முடியவில்லை.

நான் அடைப்புக்குறி போட்டு யோசிக்கிற நேரமெல்லாம் உள்ளே புகை ஏறுகிறது.

"கதவத் தொறங்க அண்ணாச்சி! உள்ள ஆளு இருக்கு!" முதல் கிடங்கின் வாசலில் ஏஞ்சலின் தங்கப்பாண்டியிடம் கத்துகிறாள்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? தொறந்தா இங்கன நிக்கிற அம்புட்டுப் பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். பாரு, உன் பெட்டியே சொல்லுது, யாரும் இல்லன்னு."

"அத நம்பாதீங்க அண்ணாச்சி. என்னிய நம்புங்க!"

தங்கப்பாண்டி தாழ்ப்பாளில் கை வைத்தபடி திரையைப் பார்க்கிறார். அவளைப் பார்க்கிறார். கதை எழுதுகிற என்னிடமிருந்து முடிவு எதுவும் வராது என்று தெரிந்துகொண்டு, இப்போது உங்களைப் பார்க்கிறார்.

திறக்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.