பன்னிரண்டு நாள் முடிவெட்டு

அந்தத் தெருவில் சலூன்காரரின் கத்திரி படாத தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவர் வீட்டிலேயே இருந்தது.

மகளுக்கு ஏழு வயது. குருவி என்று கூப்பிடுவார்கள். அவளுடைய முன்முடி கண்ணை மறைத்து, மூக்கைத் தாண்டி, சாப்பிடும்போது வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுவாள். சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிச்சீட்டு குத்துகிறது என்று அழுவாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஆனால் இரண்டு தலையணைக்கு நடுவே வைத்து அமுக்கினால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பள்ளி நோட்டில் ஆசிரியை எழுதியிருந்தார்: "முன்முடியை வெட்டி அனுப்பவும். தந்தை சலூன் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். தாமதத்தின் காரணம் புரியவில்லை."

அவருக்கும் புரியவில்லை.

மனைவியின் தம்பிக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க மாமா. நான் பிடிச்சுக்கறேன், நீங்க வெட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

இரண்டு நிமிடத்தில் தம்பிக்கு இரண்டு பட்டன் போனது, மணிக்கட்டில் பல் பதிந்தது. குருவிக்கு இடது காதுப்பக்கம் மட்டும் முடி குறைந்தது. அன்றிலிருந்து அப்பாவின் கை நீண்டாலே அவள் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். தண்ணீர் தம்ளரை நீட்டினாலும் அப்படித்தான். அடுத்த வாரம் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அப்பாவின் கண் கலங்கியது. சோப்பு பட்டுவிட்டதாகச் சொன்னார். சோப்பு வாடிக்கையாளரின் தாடையில் இருந்தது.

"இனிமே யாரும் பிள்ளையைப் பிடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மனைவி விசாரித்து ஒரு தெரபிஸ்ட்டை அழைத்து வந்தாள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவர், குள்ளமான பெண்மணி. குருவியோடு ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு நேரே சலூனுக்கு வந்தார். அப்பாவை அவருடைய சலூன் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் பிடரியில் சில்லென்று தண்ணீரைப் பீய்ச்சினார்.

அவர் துள்ளி எழுந்தார். "சொல்லிட்டு அடிச்சிருக்கலாமேம்மா!"

"அதைத்தாங்க உங்க பொண்ணும் சொல்றா. நமக்குத் தூசியா படறது அவளுக்கு ஊசியா படுது. நடிக்கல, அடமும் இல்ல. லேசா தொட்டா கூசும், அழுத்தித் தொட்டா தாங்குவா. எதைச் செஞ்சாலும் முன்னாடியே சொல்லுங்க. அவ போதும்னா நிறுத்திடுங்க."

"பாதியில எப்படிங்க நிறுத்தறது?"

"கையை எடுத்துட்டாப் போதும்."

திங்கட்கிழமை ஆரம்பித்தார். தினமும் மூன்று மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, ரேடியோவையும் மின்விசிறியையும் அணைத்தார். முதல் நாள் குருவி நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிவிட்டு இறங்கிப் போனாள். இரண்டாம் நாள், பயறு நிரப்பி அம்மா தைத்துக் கொடுத்த கனமான பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்திருந்தாள். மூன்றாம் நாள், ஈரத் துண்டால் தலையை அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்போ கத்திரி வருது. ஒண்ணு" என்றார். நான்கு வெட்டு ஆனதும் அவள் "போதும்" என்றாள். அவர் கத்திரியைக் கீழே வைத்தார்.

ஐந்தாம் நாள் ஒரே ஒரு கற்றை நெற்றியில் துருத்திக்கொண்டு நின்றது. "போதும்" என்று அவள் சொன்ன பிறகும் தொழில்காரனின் கை சும்மா இருக்கவில்லை. நறுக்கென்று ஒரு வெட்டு வைத்துவிட்டார்.

குருவி இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர் மூன்று மணிக்குப் பாதி ஷட்டருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் வீட்டுக்குப் போய்க் கட்டில் முன் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு அப்பா மேலதான்" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "போதும்னா என்ன அர்த்தம்?"

"போதும்னு அர்த்தம்."

பிறகு பயறுப் பை முதலில் வெளியே வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள்.

அன்று ஆறு வெட்டு, மறுநாள் பத்து. வழக்கமாகச் சவரத்துக்கு வரும் ஓய்வுபெற்ற குமாஸ்தா கடைவாசலில் குருவியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"பாப்பா தலை கோணலா இருக்கே. யார் வெட்டினது?"

"நான்தான். இன்னும் வெட்டிட்டிருக்கேன்."

"எப்போ ஆரம்பிச்சீங்க?"

"போன வாரம், திங்கக்கிழமை."

குமாஸ்தா தன் தாடையைத் தடவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்தது. வலது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம் தெரிந்தது. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் துடைக்கப் போவதைச் சொல்லிவிட்டு, துண்டை வைத்து அழுத்தி மகளின் கழுத்தைத் துடைத்தார். அவள் தோளைத் தூக்கவில்லை.

"அப்பா, நகமும் இப்படித்தான் வெட்டுவியா?"

"இப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு விரல். பத்து நாள்ல முடிச்சிடலாம்."

குருவி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "கால்லயும் பத்து இருக்குப்பா" என்றாள்.