சூறாவளியைத் திருப்பிய சபை

தம்பியைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. அதற்குள் வெல்டாவை மேடையேற்றி, கர்த்தர் காப்பாற்றியதற்குச் சாட்சி சொல்ல வைக்கச் சபை துடித்தது.

ஓக்லஹோமாக்காரர்களுக்குச் சூறாவளி புதிதல்ல. சைரன் ஊதினால் அக்கம்பக்கத்தார் பாப்டிஸ்ட் சபையின் நிலவறைக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். கார்லண்ட் பாஸ்டர் கதவைத் தாழிட்டுவிட்டு, "ஆண்டவரே, இதை எங்களைவிட்டுத் திருப்பிவிடும்" என்று கத்த, எல்லாரும் கூடவே கத்தினார்கள். அதில் வெல்டாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. பாடகர் குழுவில் பழகிய தொண்டை.

சூறாவளி திரும்பத்தான் செய்தது. சபையை நோக்கி வந்தது, தானியக் கிடங்கருகே வளைந்து, சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள் நிற்கும் காலனிக்குள் புகுந்தது. அங்கே செத்தவர்களில் ஒருவன் அவள் தம்பி டாயில்.

டாயில் ஈஸ்டருக்குக்கூட சபைப் பக்கம் வராதவன். பீர் குடிப்பான், ஊரில் யாருடைய டிராக்டர் நின்றாலும் போய்ச் சரிசெய்வான். அவனுக்காக ஜெபிப்பதாக வெல்டா சொல்லும்போதெல்லாம், "ஜெபி, வேண்டாங்கல. என் விலாசத்த மட்டும் உங்க ஆண்டவர்கிட்ட குடுத்துடாதக்கா" என்று சிரிப்பான்.

சபையில் ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை. மறுநாளே சாலையோரப் பலகையில், 'ஜெபம் சூறாவளியையும் திருப்பும்' என்று பிளாஸ்டிக் எழுத்துகளைக் கோத்து வைத்தார்கள். ஆங்கில 'E' பற்றாமல் ஓரிடத்தில் எண் 3-ஐத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அடக்கத்துக்குப் போகும் வழியில் வெல்டா அதைப் படித்தாள்.

அடக்க விருந்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஓலீட்டா, வாயில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டாயிலுக்குக் கர்த்தர் எத்தனையோ வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார் என்றாள். அவள் விரலில் இருந்த மயோனைஸ் வெல்டாவின் கையில் ஒட்டியது. வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

பிறகு கார்லண்ட் பாஸ்டரே வீடு தேடி வந்தார். தம்பியைப் பறிகொடுத்தவளே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னால் ஊரெல்லாம் விசுவாசத்தில் வளரும் என்றார். வெல்டா ஆப்பிள் பை பலகாரம் வைத்தாள், சாப்பிட்டார்.

"நம்ம ஜெபந்தான் அதத் திருப்புச்சா, பாஸ்டர்?"

"அதுல என்ன சந்தேகம், சிஸ்டர்?"

"டாயில் வீட்டுப் பக்கமா?"

பாஸ்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அது கர்த்தரோட சித்தம். நம்ம புத்திக்கு எட்டாது."

"திருப்பினது நம்ம ஜெபம், போய் விழுந்தது மட்டும் அவர் சித்தமா?"

அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசினால் போதும், அழுகை வந்தால் அடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சத் துண்டையும் காலி செய்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினாள். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கேட்க ஆள் இருந்தால், அவர் எப்பேர்ப்பட்டவர்? ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் கோதுமை வயல். சூறாவளியை அதில் கொண்டுபோய்ப் போடத் தெரியாதா? ஆளே இல்லையென்றால், இத்தனை வருடமாக யாரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்? எதை நம்பினாலும் அருவருப்பாகத்தான் இருந்தது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே கையைத் தூக்கி நின்ற தன்மீதும் அருவருப்பு.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வேகவைத்த கோழி காசரோல் செய்து, பாத்திரத்தின் அடியில் பேரெழுதிய டேப்பை ஒட்டி, ஆராதனை முடிந்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிட எப்போதும்போல விருந்துக்கூடத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் மேடையேறினாள். முன்வரிசையில் ஓலீட்டா அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையை எடுத்தாள்.

"நம்ம ஜெபம் அதத் திருப்புச்சுன்னா, என் தம்பிய நாமதான் கொன்னோம். எல்லாரையும்விட நான்தான் சத்தமாக் கத்தினேன். நாம திருப்பலன்னா, அந்தப் பலகையில இருக்கறது பொய். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க, அதுக்கு ஆமென் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்."

பாஸ்டர் மைக்கை வாங்கி, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். அத்தனை தலைகளும் குனிந்தன. கண் மூடாமல் நின்றவள் வெல்டா மட்டும். அதனால்தான் பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பியானோக்காரிக்கு ஜாடை காட்டியதைப் பார்த்தாள். பியானோ சத்தமாக ஒலித்தது. அவ்வளவுதான், கேள்வியை மூடிவிட்டார்கள்.

அவள் இறங்கி விருந்துக்கூடத்துக்குப் போனாள். தன் காசரோல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. பாஸ்டர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சாப்பாட்டு நேரத்துல இத எங்க கொண்டு போறீங்க, சிஸ்டர்?"

"நாம திருப்பி விட்டோமே பாஸ்டர், அந்தப் பக்கம்."