சோதனை நாளில் ஒரு துட்டி

காசிலிங்கம் இறந்தது பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில். ராக்கெட் கம்பெனி ஒன்று தன் புது என்ஜினை முதன்முதலாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கக் குறித்திருந்த நாளும் அதுதான். விடியும்போது அவர் உடலை உசிலங்குடியிருப்புக்குக் கொண்டுவந்து வீட்டில் கிடத்திவிட்டார்கள்.

வள்ளியூருக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஊர். ஊரை ஒட்டிக் கம்பெனியின் வேலி. வேலிக்குள் தள்ளி, சோதனை மேடை. அந்த மேடைக்குக் கான்கிரீட் போட்ட கொத்தனார்களில் காசிலிங்கமும் ஒருவர். என்ஜின் ஓடும் நாளில் ஊரே காலி செய்து வெளியே போய்விட வேண்டும் என்று சொன்னபோது யாரும் சம்மதிக்கவில்லை. அப்போது கம்பெனி இன்ஜினியர் விஜயஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசியவர் அவர்தான்.

"காலைல பஸ்ஸு வரும். வள்ளியூர் மண்டபத்துல சாப்பாடு. சாயந்தரம் இங்கனயே கொண்டாந்து விட்டுருவாக. இதுல என்னலே பயம்?" என்று அவர் கேட்ட பிறகே ஊர் இறங்கி வந்தது.

விஜயஸ்ரீ திருநெல்வேலி டவுனில் பிறந்தவள். சோதனைக்கு அவள்தான் பொறுப்பு. ஓட்டு என்று சொல்லவும் நிறுத்து என்று சொல்லவும் அவள் ஒருத்திக்கே அதிகாரம். அப்படி விதி வகுத்தவர் கம்பெனியைத் தொடங்கிய பூதலிங்கம். மகேந்திரகிரி ராக்கெட் மையத்தில் அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்து, பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்த மனிதர். இப்படிப்பட்ட என்ஜின்களை ஒரு கொத்தாகக் கட்டி, பெரும் பாரம் தூக்கும் ராக்கெட் ஒன்றை விட வேண்டும் என்பது அவர் கனவு. அதே கனவோடு வேறு ஊர்களிலும் கம்பெனிகள் இருந்தன. பணம் போடுகிறவர்கள் மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து நாகர்கோவில் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். என்ஜின் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

தொட்டிகளில் திரவ ஆக்சிஜன் ஏறத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் முகம்மது மைதீனின் போன் வந்தது. மேலப்பாளையத்திலிருந்து பஸ்களை அமர்த்திக் கொண்டுவந்தவர் அவர்.

"மேடம், பஸ்ஸுல ஒருத்தரும் ஏறல. நம்ம காசிலிங்கம் அண்ணன் மவுத்தாயிட்டாக. மய்யத்து வீட்டுக்கு வந்துட்டு."

விஜயஸ்ரீ ஏற்றுவதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் காசிலிங்கம் படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு. தலைமாட்டில் அவர் மனைவி மாரித்தாய். பக்கத்தில், கல்லூரிக்குப் போகும் மகள் இசக்கிச்செல்வி அழுது அழுது தொண்டை கட்டிப்போய் இருந்தாள். மகன் இசக்கிராஜா தோகாவிலிருந்து கிளம்பிவிட்டான். திருவனந்தபுரத்தில் இறங்கி ஊர் வந்துசேர மாலையாகிவிடும். அவன் முகம் பார்க்காமல் எடுக்க முடியாது.

விஜயஸ்ரீ மாரித்தாயின் அருகில் உட்கார்ந்தாள். மாரித்தாய்தான் பேசினாள்.

"நேத்து சாயந்தரம் நெஞ்சு வலிக்குன்னாக. ஆம்புலன்ஸ்ல போவும்போதுகூட, நாளைக்கு பஸ்ஸுல எல்லாரையும் ஏத்தி விடணும்னு சொல்லிக்கிட்டு வந்தாக மேடம்."

வெளியே ஊர்ப் பெரியவர் செந்தூர்பாண்டி எழுந்து நின்றார். "தப்பா நெனைக்காதீக. துட்டி வீட்டப் போட்டுட்டு ஊரு எப்பிடிக் கெளம்பும்? வேற நாளு பாத்துக்கிடுங்க."

வேறு நாள் என்றால் மறுபடியும் அனுமதிகள், போலீஸ், லாரிகள். எல்லாம் கூடிவர மாதங்கள் ஆகும். அதை விஜயஸ்ரீ அவரிடம் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் பூதலிங்கம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டிமேல் மாலை போட்டு, கைகூப்பி நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை. வெளியே வந்ததும் செந்தூர்பாண்டியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, ஒரு யோசனை. பெட்டியோட மண்டபத்துக்குக் கொண்டுபோயிருவோம். வாரவங்க அங்கயே வந்து பாக்கட்டும். என்ஜின் ஓடி முடிஞ்சதும் நானே கூட இருந்து கொண்டாந்து விடுதேன். எந்தக் குறையும் வராது."

மைதீன் மண்டபத்துக்குப் போன் செய்தார். நாளைக்குக் கல்யாணம் இருக்கிறது, பிணத்தை உள்ளே விட முடியாது என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மாரித்தாய் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அவுகள இனி அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலையக் கூடாது. ஊராள்லாம் போவட்டும். நானும் பிள்ளையும் கதவச் சாத்திக்கிட்டு அவுக கூட இருந்துக்கிடுதோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க. அவுக கட்டுன மேடைதான, எங்களுக்கு என்ன ஆவப்போவுது?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. பூதலிங்கம் விஜயஸ்ரீயைப் பார்த்தார். இருவரும் ஜீப் நின்ற இடத்துக்கு நடந்தார்கள்.

"விஜயா, கணக்குப் போட்டது நீ. என்ஜின் வெடிச்சாலும் இவ்வளவு தூரத்துக்கு என்ன வரும்?"

"ஜன்னல் உடையலாம். ஓடு சரியலாம். அதுக்கு மேல வராதுன்னு கணக்கு."

"அப்புறம் என்ன?"

"கணக்கு சரியான்னு இன்னும் ஓட்டிப் பாக்கலையே சார்."

"அவங்களே சம்மதிக்காங்க. நாம கட்டாயப்படுத்தல."

"புருஷனைப் பெட்டியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட சம்மதம்னு ஒண்ணை நான் வாங்க மாட்டேன் சார்."

பூதலிங்கம் மேற்கே மகேந்திரகிரி மலையைப் பார்த்தபடி நின்றார். அந்த மலையடிவாரத்தில்தான் அவருடைய இளமை முழுவதும் போயிருந்தது.

"வந்திருக்கவங்க ராத்திரி ஃப்ளைட்ல போயிருவாங்க. திரும்ப வர மாட்டாங்க. அது தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும் சார்."

"நானே உத்தரவு போடலாம்."

"போடலாம். நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "ஆக்சிஜனை எறக்கிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறினார்.

ஆக்சிஜனைத் திறந்துவிட்டபோது சோதனை மேடையிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை எழுந்து, காற்றாலைகளின் கால்களைச் சுற்றிக்கொண்டு தெற்கே நகர்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் வால்வுகளைக் கவனிக்கும் அஃப்ரா என்ற பெண், திரையில் எண்கள் இறங்குவதை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். குரல் இடறியபோது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வாசித்தாள்.

மாலையில் இசக்கிராஜா வந்தான். வாசலில் பையைப் போட்டுவிட்டு அப்பாவின் பெட்டிமேல் விழுந்தான். உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறு கம்பெனி வேலிக்குள் இருந்தது. காவலாளிகள் கதவைத் திறந்துவிட்டார்கள். குடங்களோடு ஆண்கள் வரிசையாகப் போய்த் திரும்பினார்கள். பாடைத் தேர் தெருமுனை தாண்டும்வரை விஜயஸ்ரீ மற்றப் பெண்களோடு நின்றாள். யாரும் அவளிடம் சோதனையைப் பற்றிப் பேசவில்லை. அந்த நேரத்தில் அதைப் பேச அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலம் கழிந்து தை மாதத்தில் மறுபடியும் அனுமதி கிடைத்தது. இந்தத் தடவை ஊரார் சொன்ன நேரத்துக்குப் பஸ்களில் ஏறினார்கள். என்ஜின் பற்றியது. தீ ஒரே சீராக நின்று எரிந்தது. தரை அதிர்ந்தது. குறித்த நேரம் முழுவதும் ஓடி, சொன்னபடி நின்றது. உசிலங்குடியிருப்பில் ஓர் ஓடுகூட நகரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஆரவாரம் அடங்கிய பிறகு பூதலிங்கம் விஜயஸ்ரீயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கே ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும் சார்."

அதற்குள் பணம் போட வந்தவர்கள் வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பெரிய ராக்கெட் திட்டத்தைக் கைவிட்டு, என்ஜினை மட்டும் பிறருக்குச் செய்து கொடுப்பது என்று முடிவாயிற்று. பேட்டையில் பாதிப் பேரை அனுப்ப வேண்டியிருந்தது. அஃப்ராவும் அவர்களில் ஒருத்தி. போகும் நாளில் அவள் விஜயஸ்ரீயின் மேசைக்கு வந்தாள்.

"சண்டை போட வரல மேடம். தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். அன்னைக்கு ஓட்டியிருந்தா நாங்கள்லாம் இங்கயே இருந்திருப்போம்லா?"

"இருந்திருப்பீங்க அஃப்ரா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். விஜயஸ்ரீ அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரமே அவள் மாரித்தாயைப் பார்க்கப் போனாள். இசக்கிராஜா தோகாவுக்குத் திரும்பிவிட்டிருந்தான். வீட்டில் மாரித்தாய் மட்டும் இருந்தாள். வெள்ளாட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்ல பேசிக்கிடுதாக. அன்னைக்கு ஓட்டியிருந்தா எங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதாமே?"

"ஆயிருக்காதுக்கா."

"பொறவு ஏன் நிறுத்துனீக?"

"அன்னைக்கு அது எனக்குத் தெரியாதே."

மாரித்தாய் மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒங்க சோலி கெட்டுரக் கூடாதுன்னு அப்பிடிச் சொல்லல மேடம். எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சாக. அது வெடிக்கட்டும், வீடு எங்க மேல விழட்டும்னுதான் எனக்கு இருந்துச்சு. அவுக போனப்பொறவு எதுக்குக் கெடக்கணும்னு. பக்கத்துல பிள்ள இருக்கான்னே அப்பம் எனக்குத் தோணல."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடு குழையை இழுத்துத் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. கல்லூரி பஸ் வந்து இசக்கிச்செல்வி இறங்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகளைக் கண்டதும் மாரித்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடுட்டி, மேடம் வந்திருக்காக" என்றாள்.

திரும்பி வருகையில், இதை அஃப்ராவுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று விஜயஸ்ரீ யோசித்தாள். மாரித்தாய் தன்னை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சொன்னாலும், வேலை இழந்த பெண்ணுக்கு அது பதிலாகாது. நாங்குநேரி தாண்டும்போது போனை எடுத்து, கோயம்புத்தூரில் வால்வு செய்யும் கம்பெனி வைத்திருக்கும் தன் பழைய தோழியைக் கூப்பிட்டாள்.

"எங்ககிட்ட ஒரு பொண்ணு இருந்தா. நல்ல பொண்ணு. அவளைப் பத்திப் பேசணும்" என்று தொடங்கினாள்.